ஆகவே ஆகாத பின்னல் நூல்

மின்தூக்கிப் பரிசோதகர் தம் மனைவிக்கு ஒரு பரிசு வாங்கிக் கொடுப்பது என்று தீர்மானித்தார். கேட்பவர் கண்ணில் நீர் கசியக்கூடிய தீர்மானந்தான். ஆனால் அந்தப் பரிசு இன்னதென்று சொல்லிவிட்டால் கசிந்த நீர் அங்கேயே காய்ந்துவிடும். அது ஒரு தூண்டில் ரீல்.

அந்த அம்மையார் அதுவரை மீன் பிடித்தவரல்லர், பிடிக்க ஆசைப்பட்டவருமல்லர். ஆசைப்பட்டவர் பரிசோதகர். பின் ஏன் மனைவிக்கு என்று கேட்டால், அவர்கள் வீட்டுப் பின்னறையைத் திறந்து பார்க்க வேண்டும். திறப்பது எளிதன்று. கதவுக்குப் பின்னால் தொலைநோக்கியின் முக்காலி முட்டுக்கொடுத்து நிற்கிறது. அதன் காலடியில் மண்கலம் வனையும் மின்சக்கரம். அதில் இதுவரை வனைந்தது ஒரே கிண்ணம். அதுவும் நீர் ஊற்றினால் அழும். சக்கரத்தின்மேல் மூன்று வளைவு கொண்ட பித்தளை ஊதுகுழல். அதைப் பரிசோதகர் ஊதிய மாலையில் சன்னலைச் சாத்திய எதிர்வீட்டார் இன்றுவரை திறக்கவில்லை. எல்லாமே தலைகால் புரியாத ஆசையில் வாங்கியவை. அட்டைப்பெட்டியின் மணம் போவதற்குள் கைவிட்டவை.

ஊதுகுழல் பின்னறைக்குப் போன அன்று பரிசோதகர் அதன்மேலேயே கைவைத்துச் சத்தியம் செய்தார்: "இனிமே எனக்குன்னு ஒரு சாமான் வாங்க மாட்டேன்." 'எனக்குன்னு' என்ற ஒரு சொல்லில் பின்வாசல் ஒன்று திறந்து கிடந்ததை அப்போது அவரே கவனிக்கவில்லை. கவனித்தது பிற்பாடு, பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில்.

மின்தூக்கியின் எந்திர அறை அங்கே இருந்தது. கயிற்றையும் கப்பியையும் சோதித்துவிட்டு நிமிர்ந்தவர் சிறு சன்னல் வழியாக ஏரியைக் கண்டார். கரையில் அகலமான தொப்பி அணிந்த ஒருவர் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. "ஏங்க, இந்தக் குழாயைக் கொஞ்சம் பாருங்களேன்" என்ற குரல் அந்தத் தொப்பியை எட்டியதாகத் தெரியவில்லை. பரிசோதகர் சான்றிதழில் கையெழுத்திட மறந்து பார்த்துக்கொண்டே நின்றார். பத்தாம் மாடியிலிருந்து கீழே இறங்குவதற்குள் திட்டம் முழுமை பெற்றுவிட்டது.

திட்டம் இதுதான். கல்யாண நாளன்று ரீலை மனைவிக்குக் கொடுப்பது. மனைவி, "எனக்கு எதுக்குங்க இது? நீங்களே வெச்சுக்கோங்க" என்பாள். இருமுறை மறுப்பது, மூன்றாம் முறை பெருமூச்சோடு ஏற்றுக்கொள்வது. அந்தப் பெருமூச்சை அவர் பல கட்டடங்களின் மின்தூக்கிக் கண்ணாடிகளில் ஒத்திகை பார்த்திருந்தார். ஏற்றுக்கொண்டதும் ஞாயிறு தோறும் ஏரிக்கரை, அகலத் தொப்பி, அமைதி.

அம்மையாரைப் பற்றியும் ஒரு சொல். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். கண் பரிசோதிப்பவரும் அவரே. எதிரே உட்கார்ந்தவர் எந்த எழுத்தைத் தெரியாமலே தெரிந்ததாகச் சொல்கிறார் என்பதை இமை படபடப்பதிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். இப்படிப்பட்டவரிடம் பொய் சொல்ல விரும்புபவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சொல்வது நல்லது. பரிசோதகர் வெறும் கண்ணோடு போனார்.

"என்னங்க இது, காபிக்கொட்டை அரைக்கிற மெஷினா?"

"ரீலும்மா. மீன் பிடிக்கிற ரீல். புதுசா கத்துக்கறவங்களுக்குன்னே செஞ்சது. இதோ, இது கம்பு. நம்ம கல்யாண நாளுக்கு."

"யாருக்கு?"

"உனக்குத்தான்."

"எனக்குன்னு வாங்கினீங்களா?"

"உனக்குன்னே பாத்துப் பாத்து வாங்கினேன்."

அம்மையார் அவர் கண்களையே பார்த்தார். இமைகள் இரண்டும் சிறகடித்தன. பரிசோதகர் பெருமூச்சைத் தயார் செய்துகொண்டார்.

"எவ்வளவு நாள் ஆசை தெரியுமாங்க இது!" என்றார் அம்மையார்.

பெருமூச்சு இரண்டு மாடிகளுக்கு இடையில் சிக்கிக்கொண்டது. "யாருக்கு ஆசை?"

"எனக்குத்தான். ஏன், உங்களுக்கா?"

"சேச்சே! எனக்கு என்ன ஆசை!"

"அதானே. நீங்கதான் உங்களுக்குன்னு எதுவும் வாங்கறதில்லைன்னு சத்தியம் பண்ணினவராச்சே. ஞாயித்துக்கிழமை போயிடலாங்க. நீங்களும் வாங்க, பையைத் தூக்க ஆள் வேணும்."

அன்று மாலையே ரீல் மேசைமீது அமர்த்தப்பட்டது. கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் அம்மையார் அதைத் துடைத்தார். கைப்பிடியைச் சுற்றினார், அது பூனைபோல் உறுமியது. பரிசோதகர் சற்றுத் தள்ளி நின்று, தம் குழந்தையைப் பிறர் மடியில் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இதில நூலைக் காணோமே?"

"நூல் தனியா வாங்கணும்."

"அப்ப அதை நீங்களே பாத்து வாங்கிட்டு வந்துடுங்க. கயிறு விஷயத்தில உங்களை மிஞ்ச யாரு இருக்கா? கல்யாணம் ஆன நாளிலிருந்து சாப்பாட்டு மேசையில நான் கேக்கறது கயிறும் கப்பியுந்தானே."

பரிசோதகர் முகம் மலர்ந்தது. ரீல் அவளுடையதாக இருக்கலாம். நூல்? நூல் நம் கையில் அல்லவா இருக்கிறது! புதிதாகக் கற்பவருக்கு ஆகவே ஆகாத நூலாகப் பார்த்து வாங்கிக் கட்டிவிட்டால், முதல் வீச்சிலேயே சிக்கு. இரண்டாம் வீச்சில் எரிச்சல். மூன்றாம் வீச்சு என்ற ஒன்று இருக்காது. ரீல் தானாக வந்து மடியில் விழும்.

மறுநாள் வேலை முடிந்ததும் தூண்டில் கடைக்குப் போனார். குறுகிய கடை. சுவரெங்கும் தக்கைகளும் முட்களும் வண்ண வண்ணப் பொய்மீன்களும் தொங்கின. கடைக்காரர் ஒரு முள்ளின் காதில் நைலான் நரம்பைக் கோக்க முயன்று, கையை நீட்டி வைத்துப் பார்த்து, மூக்கருகே வைத்துப் பார்த்து, இரண்டிலும் தோற்றுக்கொண்டிருந்தார்.

"புதுசா மீன் பிடிக்கக் கத்துக்கறவங்களுக்குப் பின்னல் நூல் வேணும்" என்றார் பரிசோதகர்.

கடைக்காரர் முள்ளைக் கீழே வைத்தார். அறிவுரை சொல்ல ஆள் கிடைத்த மகிழ்ச்சி முகத்தில் பொங்கியது. "உக்காருங்க சார். பின்னல் நல்லது. மெல்லிசா இருந்தாலும் பலம் அதிகம். மீன் மூக்கால தொட்டாலே கைக்குத் தெரிஞ்சிடும். ஆனா சிலதைப் பாத்து வாங்கணும்."

"என்னென்ன வாங்கக் கூடாது? அதை மட்டும் சொல்லுங்க போதும்."

"ஜாக்கிரதையான ஆள் சார் நீங்க! முதல்ல, ரொம்ப மெல்லிசை எடுக்கக் கூடாது. காத்து கொஞ்சம் அடிச்சா சுருண்டுக்கும். புதுக் கைக்கு நடுத்தரந்தான்."

"ரொம்ப மெல்லிசு எங்க இருக்கு?"

"அந்த மேல் தட்டுல. ஏன் சார்?"

"எடுங்க."

கடைக்காரர் எடுத்தார், கொஞ்சம் தயங்கித்தான் எடுத்தார். "அப்புறம், நாலு இழையில பின்னினது இருக்கு, எட்டு இழையில பின்னினது இருக்கு. எட்டு இழை வழவழன்னு இருக்கும், பழகின கைக்கு. புதுசுக்கு நாலு இழையே போதும். லேசா சொரசொரன்னு நிக்கும்."

"வழவழன்னா எப்படி? கையில நிக்குமா?"

"விரல்லயே நிக்காது சார்."

"எட்டு இழையே இருக்கட்டும்."

"நிறம் பளிச்சுன்னு மஞ்சளா இருந்தா நூல் எங்க போகுதுன்னு..."

"எங்க போகுதுன்னு தெரியாத நிறம்?"

"சாம்பல் இருக்கு. போட்டவருக்கே தெரியாது."

"அருமை! அதுதான்."

கடைக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "சரி சார், எதுவா இருந்தாலும் இதை மட்டும் கேளுங்க. இந்த நூலை நேரா உருளையில சுத்திடாதீங்க. அடியில கொஞ்சம் நைலான் நரம்பைச் சுத்திட்டு அதுக்கு மேல சுத்தணும். இல்லேன்னா பின்னல் உருளையைப் பிடிக்காது. மொத்தமா வழுக்கிக்கிட்டுச் சும்மா சுத்தும்."

இந்த இடத்தில் பரிசோதகரின் உள்ளம் ஒரு கணம் நடுங்கியது. கயிறு வழுக்குவதா! வாழ்நாள் முழுவதும் அவர் எதிர்த்துப் போராடிய தீமை அல்லவா அது! எத்தனை கட்டடங்களில், "கயிறு கப்பியைப் பிடிக்க வேணும் ஐயா, கப்பி கயிற்றைப் பிடிக்க வேணும்" என்று மேலாளர்களைக் கட்டிவைத்துப் பாடம் எடுத்திருப்பார்! ஆயினும் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டார்.

"நரம்பு வேண்டாம்."

"நானே சுத்தித் தர்றேன் சார்."

"வேண்டவே வேண்டாம்."

"வீட்டுல சுத்தறதா இருந்தா ஈரத்துணியில இறுக்கிப் பிடிச்சுச் சுத்துங்க. விளிம்பு வரைக்கும் நிரப்பாதீங்க."

"தளர்வா, விளிம்பு வரைக்கும்" என்று பரிசோதகர் வாய்க்குள் மனப்பாடம் செய்தார்.

"தப்பா நினைக்காதீங்க சார். இது யாருக்கு?"

"என் சம்சாரத்துக்கு."

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "ஏதாவது மனஸ்தாபமா சார்?"

"சேச்சே! கல்யாண நாள் பரிசு."

அன்றிரவு உணவு முடிந்ததும் பரிசோதகர் நூல் சுற்ற உட்கார்ந்தார். அம்மையார் எதிரே வந்து அமர்ந்து, மோவாயைக் கையில் தாங்கிக்கொண்டு பார்த்தார்.

"இவ்வளவு லூசா சுத்தலாமாங்க?"

"நூலுக்கு மூச்சு விட இடம் வேணும்மா."

"விளிம்பைத் தாண்டி வழியுதே?"

"நிறைய இருந்தா நிறைய மீன்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அம்மையார் எழுந்து போனார். இத்தனை ஆண்டு இல்வாழ்க்கையில் அந்தச் சொற்றொடர் அந்த வீட்டில் ஒலித்தது அதுவே முதல்முறை. வேறு யாராக இருந்தாலும் உள்ளூர ஒரு மணி அடித்திருக்கும். பரிசோதகர் சீட்டியடித்துக்கொண்டே நூலை வழியவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஏரி கண்ணாடிபோல் கிடந்தது. கரையில் அதே அகலத் தொப்பி. அவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் என்பதும், பேச ஆள் கிடைக்காமல் ஏங்கிப் போயிருந்தவர் என்பதும் நெருங்கிய பிறகே தெரிந்தன. இன்னும் நாலைந்து பேர் ஆங்காங்கே தூண்டிலோடு நின்றார்கள். பரிசோதகர் இரையைக் குத்திக் கம்பை மனைவியிடம் பணிவோடு நீட்டினார்.

"இந்தாம்மா. வீசு."

"நானா? ஐயோ, எனக்கு என்ன தெரியும்? முதல்ல நீங்க வீசிக் காட்டுங்க."

"உன் ரீலை நான் தொடறதாவது!"

"பரவாயில்லைங்க, புருஷன்தானே" என்றார் அம்மையார். "அண்ணே, இங்க பாருங்க, இவர்தான் எனக்குக் குரு. வீசப் போறார்."

"வீசுங்க சார், கத்துக்கறோம்" என்று தொப்பிக்காரர் எழுந்து வந்தார். மற்றவர்களும் தலையைத் திருப்பினார்கள். பரிசோதகருக்குப் பின்னால் மனைவி, பக்கத்தில் பேருந்து ஓட்டுநர், முன்னால் ஏரி. ஓட வழியில்லை. கண்ணை மூடிக்கொண்டு வீசினார்.

உருளையில் மூச்சு விட இடம் பெற்றிருந்த நூல் ஒரேயடியாக மூச்சு விட்டது. வளையம் வளையமாக, கொத்துக் கொத்தாகப் பாய்ந்து வெளியேறி, கம்பின் முதல் வளையத்தில் மோதி, காக்கை கூடு கட்டினாற்போல் அப்பிக்கொண்டது. முள் கரையிலிருந்து கைக்கெட்டும் தொலைவில் தொப்பென்று விழுந்தது. பரிசோதகர் உள்ளூர மகிழ்ந்தார். தம் திட்டம் இவ்வளவு செம்மையாக வேலை செய்கிறதே! ஆனால் கம்பு சட்டென்று வளைந்தது.

"மீன்! சார், மீன்!" என்று தொப்பிக்காரர் அலறினார். "சுத்துங்க!"

பரிசோதகர் கைப்பிடியைச் சுற்றினார். நூல் வரவில்லை. இன்னும் சுற்றினார். ரீல் சுழல்கிறது, கைப்பிடி சுழல்கிறது, நூல் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

"எவ்வளவு பெருசு சார்?"

"அசைய மாட்டேங்குதே! நான் இழுக்கறேன், அது இம்மியும் வர மாட்டேங்குது!"

"விட்டுடாதீங்க! இந்த ஏரியில இப்படி ஒண்ணு இருக்குன்னு எனக்கு முதல்லயே சந்தேகம்!"

கரை முழுவதும் திரண்டுவிட்டது. பரிசோதகர் குதிகாலை மண்ணில் ஊன்றினார். முகம் சிவந்தது, தோள் புடைத்தது. திட்டம், சிக்கு, சத்தியம் எல்லாம் மறந்தே போயின. ஊர் வரலாற்றின் ஆகப் பெரிய மீன் மறுமுனையில் இருக்க, இம்முனையில் தாம் இருப்பதாக எண்ணிய அந்தப் பொழுதைப் போன்ற இன்பப் பொழுது அவர் வாழ்வில் அதற்குமுன் வாய்த்ததில்லை.

அம்மையார் நிதானமாக அருகில் வந்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உருளையைக் குனிந்து நோக்கினார்.

"ஏங்க, ஒரு சந்தேகம்."

"இப்பவா?"

"கப்பி சுத்துது, கயிறு மட்டும் வரலை. இப்படி ஒரு லிஃப்டைப் பாத்தா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"பூட்டி சீல் வெச்சிடுவேன்!" என்று பரிசோதகர் தொழில் ஆவேசத்தில் முழங்கினார். "அடியில பிடிமானம் இல்லாம கயிறு வழுக்கு..."

வாக்கியம் முடியவில்லை. கை கைப்பிடியை விட்டது.

நூலைத் தொப்பிக்காரர் துணி சுற்றிப் பிடித்து, பின்னோக்கி நடந்து கரையேற்றினார். வந்தது பெரிய நீர்ப்பூண்டுக் கொத்து. அதனுள்ளே ஒரு மீன். அந்த மீனின் நீளம் குறித்துக் கரையில் மூன்று கூற்றுகள் வழங்குகின்றன. ஒரு சாண் என்பது பரிசோதகர் கூற்று. சுண்டுவிரல் என்பது தொப்பிக்காரர் கூற்று. மீனே இல்லை, இரைதான் திரும்பி வந்தது என்பது நேரில் பார்க்காதவர்கள் கூற்று. நேரில் பார்க்காதவர்கள் கூற்றே இன்று பெருவழக்காக உள்ளது.

"குடுங்க இப்படி" என்று அம்மையார் ரீலை வாங்கினார். மேல் திருகைக் கழற்றினார். காக்கைக்கூட்டோடு உருளையை அப்படியே உருவிக் கணவர் கையில் வைத்தார். பிறகு தம் கைப்பையிலிருந்து மெல்லிய துணியில் பொதிந்த இன்னோர் உருளையை எடுத்தார். மஞ்சள் நிறம். நாலு இழை. நடுத்தரக் கனம். இறுக்கமாக, விளிம்புக்குச் சற்றுக் கீழே அடங்கிய சுற்று. அதன் அடியில் நைலான் நரம்பும் இருந்ததைச் சொல்லத் தேவையில்லை.

"ஏ... ஏதும்மா இது?"

"டப்பாவிலேயே ரெண்டு உருளை இருந்துச்சு. ஒண்ணு அட்டைக்குக் கீழ. உங்களுக்குத்தான் எதையும் கடைசி வரைக்கும் திறந்து பாக்கற வழக்கம் இல்லையே."

"நூல்?"

"நம்ம கடைக்குக் கண் பாக்க ஒருத்தர் வந்தார். முள்ளில நூல் கோக்க முடியலையாம். சோதிச்சிட்டு இருக்கறப்போ, 'அம்மா, எங்க கடைக்கு ஒரு ஆள் வந்தார், பொண்டாட்டிக்கு எதெது ஆகாதோ அதையெல்லாம் பொறுக்கி எடுத்துக்கிட்டுப் போனார், அந்தம்மாவை நினைச்சாத்தான் பாவமா இருக்கு'ன்னார்."

"நீ... நீ என்ன சொன்னே?"

"'அந்தம்மா நான்தான்'னேன். கண்ணாடி இல்லாமலே என்னை நல்லாப் பாத்தார். சாயங்காலமே இதைச் சுத்திக் குடுத்து, வீசவும் கத்துக் குடுத்துட்டார்."

சொல்லிக்கொண்டே அம்மையார் புது உருளையை மாட்டி, முள்ளைக் கட்டி இரை குத்தி, நூலைத் தடுத்து நிற்கும் வளைகம்பியைத் திறந்து, விரலில் நூலை ஏந்தி, மென்மையாக வீசினார். மஞ்சள் நூல் வெயிலில் ஒரு கோடு கிழித்துக்கொண்டு போய், யாருக்கும் வலிக்காமல் நீரில் அமர்ந்தது. தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றினார். சற்று நேரத்தில் ஒரு கெண்டை கரைக்கு வந்தது. அதன் நீளம் குறித்து ஒரே கூற்றுதான்.

பரிசோதகர் அசடு வழிய நின்றார். பிறகு, எல்லாம் அம்பலமான பின் மானம் பார்ப்பது வீண் என்று கருதி, நேராகவே கேட்டார்.

"எனக்கு அந்த ரீல் வேணும்மா. உண்மையாவே ஆசையா இருக்கு."

"தெரியுமே" என்றார் அம்மையார், மிக இனிமையாக. "எடுத்துக்கோங்க. உங்க கையில இருக்கே அந்தச் சிக்கு, அதை வெட்டாம, அறுக்காம பிரிச்சு முடிங்க. முடிக்கிற அன்னிக்கு ரீல் உங்களுக்கு. சத்தியமா."

"அப்புறம் திருப்பிக் கேக்க மாட்டியே?"

"நீங்களா திருப்பிக் குடுத்தாத்தான் வாங்குவேன்."

பரிசோதகர் ஒரு மரத்தடியைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்தார். முதல் ஞாயிறு பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார், சிக்கு இறுகியது. அடுத்த ஞாயிறு அதை மடியில் வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்தார். அதற்கடுத்த ஞாயிறு ஒன்று புலப்பட்டது: இழுத்தால் வராது, தள்ளினால் வரும். எந்தக் கண்ணி எதன் மேல் கிடக்கிறது என்று கண்டு, அதை மட்டும் தளர்த்திவிட்டால், அடுத்தது தானே வழிவிடும். மனைவியின் கடையிலிருந்து கண்ணாடி திருகும் சின்னஞ்சிறு திருப்புளியை எடுத்து வந்து கண்ணிகளைக் கிளறினார். ஒரு கண்ணி 'விடுக்' என்று அவிழும்போது நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கூடவே அவிழ்ந்தது.

ஒரு நாள் தொப்பிக்காரர் தம் ரீலோடு வந்து தலையைச் சொறிந்தார். "சார், கோவிச்சுக்காதீங்க. இது கொஞ்சம்..."

பரிசோதகர் வாங்கிப் பார்த்தார். "எங்கய்யா கத்துக்கிட்டீங்க இப்படிப் போட? காத்துக்கு எதிரா வீசினீங்களா?"

"ஆமா சார்! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"சிக்கே சொல்லுதே."

அன்று முதல் கரையில் அவருக்குச் 'சிக்கு சார்' என்று பெயர் விழுந்தது. யாரோ மடக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். யாரோ தண்ணீர்ப் புட்டி வைத்தார்கள். ரீலும் கையுமாக ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பரிசோதகர் பிரித்துக்கொண்டே கயிற்றின் இயல்பு, பிடிமானத்தின் அவசியம், கப்பியின் கடமை ஆகியவை பற்றிப் பேசினார். எல்லாரும் வாய் திறவாமல் கேட்டார்கள். அவர்கள் நூல் அவர் கையில் அல்லவா இருந்தது! வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கிடைக்காத சபை அந்த மரத்தடியில் கிடைத்தது. சற்றுத் தள்ளி அம்மையார் கெண்டை மேல் கெண்டையாகக் கரையேற்றிக்கொண்டிருந்தார். திரும்பும்போது இருவரும் வழியெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். பல ஆண்டுகளாக அப்படி ஒன்று நடந்ததில்லை.

ஆயினும் பரிசோதகர் இலக்கை மறக்கவில்லை. பிறர் சிக்குகளுக்கு நடுவே தம் சிக்கும் சிறுத்துக்கொண்டே வந்தது. ஒரு சனிக்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும்போது, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அறிவித்தார்.

"இன்னும் ரெண்டே கண்ணி. நாளைக்கு முடிஞ்சிடும். ரீலைத் தயாரா வெச்சுக்கோ."

"ஆகட்டுங்க. எனக்கும் சந்தோஷந்தான்" என்றார் அம்மையார். முகத்தில் துளி வருத்தம் இல்லை.

மறுநாள் ஏரிக்கரையில் கடைசிக் கண்ணி அவிழ்ந்தது. சாம்பல் நூல் ஒரே நீளமாய்ப் புல்லில் கிடந்தது. கரை கைதட்டியது. அம்மையார் சொன்ன சொல் தவறாமல், மஞ்சள் நூலோடு ரீலையும் கம்பையும் கணவர் கையில் வைத்தார். எப்படி வீசுவது என்றும் காட்டினார். பரிசோதகர் வீசினார். நன்றாகவே விழுந்தது. பத்தாம் மாடிச் சன்னலில் கண்ட கனவின் நடுவில் அவர் இப்போது நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

யாருமே கூப்பிடவில்லை.

தக்கை அசையவில்லை. நீர் அசையவில்லை. பரிசோதகர் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார். பின்னால் மரத்தடியில் தொப்பிக்காரர் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கையில் பெரிய சிக்கு ஒன்றை வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். அப்படியொரு சிக்கைப் பரிசோதகர் கண்டதே இல்லை. முடிச்சுக்குள் முடிச்சு, கண்ணிக்குள் கண்ணி. ஓரக்கண்ணால் பார்த்தார். முழுக் கண்ணாலும் பார்த்தார்.

"ஐயையோ, அதை இழுக்காதீங்கய்யா!"

"இல்லை சார், இந்தப் பக்கம் லேசா..."

"அந்தப் பக்கந்தான் கூடாது! தள்ளுங்க, தள்ளுங்க! இறுகிடும்!"

"சரி சார், வெட்டிடறேன்."

"வெட்டறதா!" என்று பரிசோதகர் துடித்தார். பக்கத்தில் புல்லில் அமர்ந்திருந்த மனைவியிடம் கம்பை நீட்டினார். "இந்தா, இதைப் பிடி. இனிமே நீயே பாத்துக்கோ. இந்த ஆள் அங்க கொலை பண்ணிட்டு இருக்கார்."

"நிச்சயமாவா? நீங்களாத்தான் குடுக்கறீங்க?"

"நானாத்தான் குடுக்கறேன், பிடிம்மா!"

அம்மையார் பிடித்துக்கொண்டார். பரிசோதகர் ஓடிப்போய் நாற்காலியில் விழுந்து, சிக்கை மடியில் ஏந்தி, திருப்புளியை எடுத்தார். முகத்தில் அப்படியொரு ஒளி. தொப்பிக்காரர் நிம்மதிப் பெருமூச்சு விட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாத்துப் பதமாப் பிரிங்க சார்" என்றார். "உங்க வீட்டம்மா நேத்து கடையைச் சாத்திட்டுச் சாயங்காலம் பூரா உக்காந்து போட்ட சிக்கு."